வெளியே பத்தொன்பது

இப்படி உட்காருங்க சார், இடம் இருக்கு. பையை என் காலுக்குக் கீழே தள்ளிடுங்க, பரவாயில்லை. ஆரணிக்கா? நானும் ஆரணிக்குத்தான். நான் ஜன்னல் பக்கமே இருக்கேன், வெயில் இந்தப் பக்கம்தான் அடிக்கும். எனக்கு வெயில் ஒண்ணும் பண்ணாது.

உங்ககிட்ட கார் இருக்கா சார்? இல்லையா. சரி. வாங்காதீங்கன்னு சொல்ல மாட்டேன். வாங்கினா ஒண்ணு மட்டும் பாருங்க. முன்பக்க பம்பர் இருக்கில்ல, அதுக்குள்ள பட்டாணி அளவுல ஒரு சாமான் வெச்சிருப்பான். வெளியே எவ்வளவு சூடுன்னு பார்த்து, உள்ளே இருக்கிற ஏசிக்குச் சொல்ற சாமான். சென்ஸார். அது ஒழுங்கா இருக்கான்னு பார்த்துக்கங்க. அந்தப் பட்டாணிதான் சார் என் குடும்பத்தைக் கெடுத்துது.

சிரிக்காதீங்க. நிஜமாத்தான் சொல்றேன்.

அதோ பாருங்க, டிரைவருக்குப் பின்னால ரெண்டாவது சீட்டு. மாம்பழக் கலர் புடவை. ஜன்னல்ல தலையைச் சாய்ச்சிருக்காங்களே, அவங்கதான். அது என் வீட்டுக்காரம்மா. வேதவல்லி. சண்டையெல்லாம் ஒண்ணும் இல்லை. அவ முன்வாசல்ல ஏறினா, நான் பின்வாசல்ல ஏறினேன், அவ்வளவுதான். நான் ஏறினது அவளுக்குத் தெரியாது. ஆரணியில அவ தங்கச்சி இருக்கா, அமுதவல்லின்னு. அங்கே போறா. போயிட்டு எப்ப வருவேன்னு கேட்டேன். பார்க்கலாம்னா. முப்பது வருஷத்துக்கு மேல குடும்பம் நடத்தினவ 'பார்க்கலாம்'னு சொன்னா அதுக்கு என்ன சார் அர்த்தம்?

நான் சர்க்கரை ஆலையில வேலை பார்த்தவன். ஏகாம்பரம்னா அங்கே எல்லாருக்கும் தெரியும். பாய்லர் ஹவுஸ் சூப்பர்வைசர். பாய்லர்னா தெரியுமில்ல? ஒரு வீடு உயரத்துக்கு நெருப்பு எரியும். அங்கே நின்னு நின்னு என் தோலு செத்துப் போச்சு. சூடு, குளிர் எதுவும் எனக்கு உறைக்காது. புதுசா வேலைக்குச் சேர்றவங்களுக்கு நான் சொல்ற முதல் பாடமே என்ன தெரியுமா? 'உன் உடம்பு சொல்றதைக் கேட்காதே, மீட்டர் முள்ளு சொல்றதைக் கேளு'ன்னுதான். உடம்பு பொய் சொல்லும் சார். பயந்தா சொல்லும், தூக்கம் வந்தா சொல்லும். முள்ளு பொய் சொல்லாது. என் ஷிப்டுல ஒருத்தனுக்கு ஒரு கொப்புளம் வந்ததில்லை. கேட்டுப் பாருங்க.

ரிட்டயர் ஆனதும் கார் வாங்கினேன். வேதாவுக்காகத்தான் வாங்கினேன். இத்தனை வருஷம் அவளை ஸ்கூட்டர்லயும் பஸ்ஸிலயும்தானே இழுத்துக்கிட்டு அலைஞ்சேன். ஒரு நாள்கூட இது வேணும் அது வேணும்னு கேட்டதில்லை. நாம நல்லா இருக்கிறப்ப அவ ஏசியில போகட்டுமே. தானா வேலை செய்ற ஏசி சார் அது. நாம இருபத்திரெண்டுன்னு வெச்சுட்டா போதும், வெளியே என்ன வெயில், உள்ளே என்ன சூடு, எல்லாத்தையும் அதுவே கணக்குப் போட்டு, குளிர் வேணுமா வேணாமான்னு அதுவே முடிவு பண்ணிக்கும். மனுஷன் கையை வைக்க வேண்டியதே இல்லை. அதுக்காகவே அந்த வண்டியை எடுத்தேன்.

முதல் வருஷம் ராஜா மாதிரி ஓடிச்சு. அப்புறம் பங்குனியில ஒரு கல்யாண மண்டபத்துல வண்டியை நிறுத்தும்போது முன்னாடி ஒரு கல்லுல லேசா இடிச்சுட்டேன். லேசாத்தான். பம்பரைக் கழட்டி மாட்டினாங்க. அப்பத்தான் அந்தப் பட்டாணிக்கு ஏதோ ஆயிருக்கணும். ஆனா அது நமக்குத் தெரியாதே. வண்டி பார்க்க அப்படியே புதுசு மாதிரி இருந்துது.

சித்திரை பிறந்ததும் ஆரம்பிச்சா வேதா. "ஏங்க, ஏசி போட்டிருக்கீங்களா?"

போட்டிருக்கேன்.

"வெக்கையா இருக்கே."

ஸ்க்ரீனைப் பார்த்தேன். நான் வெச்சது இருபத்திரெண்டு. அந்த மூலையில இன்னொரு நம்பர் காட்டும், அது பத்தொன்பதுன்னு இருக்கு. நான் கேட்டதை விட மூணு டிகிரி கம்மியாவே குளிர் குடுக்குது வண்டி! "பத்தொன்பது இருக்கு வேதா, ஊட்டியில கூட இப்ப இவ்வளவு இருக்காது"ன்னேன். அவ முந்தானையால கழுத்தைத் துடைச்சுக்கிட்டே வந்தா.

எனக்கும் வேர்த்துது சார், இல்லைன்னு சொல்லலை. ஆனா எனக்கு எப்பவும் வேர்க்கும்.

அதுக்கப்புறம் ஒவ்வொரு தடவையும் இதே பேச்சு. மார்க்கெட்டுக்குப் போனா வெக்கை. ரத்தினகிரி கோயிலுக்குப் போனா வெக்கை. ஒரு நாள் அவளே அந்த ஸ்க்ரீன்கிட்ட குனிஞ்சு பார்த்துட்டு, "ஏங்க, இது உள்ளே காட்டுற நம்பர் இல்லை போலருக்கு. பக்கத்துல 'அவுட்'னு சின்னதா போட்டிருக்கு. வெளியே காட்டுறதுங்க"ன்னா. எனக்குச் சிரிப்பு வந்துது. "வேலூர்ல சித்திரை மாசம் வெளியே பத்தொன்பது டிகிரியா? யோசிச்சுப் பேசு"ன்னேன். நான் கேட்டது நியாயம்தானே சார்? அப்ப யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்லியிருப்பாங்க.

அவளுக்காக சர்வீஸ் சென்டருக்கும் போனேன். போகலைன்னு சொல்லக்கூடாது. அங்கே ஒரு பொண்ணு, கழுத்துல அடையாள அட்டை மாட்டிக்கிட்டு, கம்ப்யூட்டரை வண்டியில சொருகிப் பார்த்துச்சு. "ஒரு தப்பும் காட்டலை சார், ஏசி நார்மல்"னு சொல்லிடுச்சு. வீட்டுக்கு வந்து, "பார்த்தியா, கம்ப்யூட்டரே சொல்லிடுச்சு"ன்னேன். "கம்ப்யூட்டர் பின்சீட்ல உட்கார்ந்து பார்த்துச்சா?"ன்னா. அவளுக்கு வாய் கொஞ்சம் அதிகம்தான். அப்பல்லாம் அதிகம்.

காஞ்சிபுரத்துக்குப் போனோம் ஒரு நாள். அதைச் சொல்லணும் உங்ககிட்ட.

அவளுக்கு ஜாக்கெட் தைக்கிற வேலை சார். வீட்டுலயேதான், முன் அறையில ஒரு மிஷின் போட்டு. சத்துவாச்சாரியில எங்க தெருவுல ஒரு கல்யாணம்னா பொண்ணு ஜாக்கெட்டு இவகிட்டதான் வரும். கை அப்படி. நூலு, லைனிங் துணியெல்லாம் வாங்க காஞ்சிபுரம் போகணும்னா. நல்ல வெயில். போற வழியில வாலாஜா தாண்டினதும் அவ பாட்டுக்குக் கண்ணாடியை இறக்கினா. அனல் காத்து உள்ளே வருது. ஏசி ஓடுறப்ப கண்ணாடி இறக்கினா கம்ப்ரஸருக்குக் கெடுதல் சார், அது உங்களுக்குத் தெரியும். நான் என் பக்கத்துப் பட்டனை அமுக்கி ஏத்தினேன். மறுபடி இறக்கினா. மறுபடி ஏத்தினேன். டிரைவர் பக்கத்துல இன்னொரு பட்டன் இருக்கும், அதை அமுக்கிட்டா மத்த கண்ணாடி எதையும் யாரும் இறக்க முடியாது. சின்னக் குழந்தைங்க கையை வெளியே நீட்டாம இருக்கிறதுக்காக வெச்சிருக்கான். அதை அமுக்கிட்டேன்.

கொஞ்ச நேரம் அவ அந்தப் பட்டனை டிக்கு டிக்குன்னு அமுக்கிக்கிட்டே இருந்தா. அப்புறம் நிறுத்திட்டா. அப்புறம், "ஏங்க, வண்டியை நிறுத்துங்க"ன்னா. இதோ ஊர் வந்துடும்னேன். "நிறுத்துங்க, முடியலை"ன்னா. குரலு ஒரு மாதிரி இருந்துது. ஓரங்கட்டுறதுக்குள்ள வாந்தி எடுத்துட்டா. சீட்ல படலை, எல்லாம் முந்தானையில ஏந்திக்கிட்டா. புது சீட்டுன்னு.

நான் நடுங்கிப் போயிட்டேன் சார். அவ முகத்துல ரத்தமே இல்லை. கதவைத் திறந்து கீழே உட்கார வெச்சு, தலையைப் பிடிச்சுக்கிட்டு, தண்ணி தெளிச்சு... ஒரு இளநீர் வண்டிக்காரர் ஓடி வந்தாரு. ரெண்டு வாய் குடிச்சா. புளிய மரத்து நிழல்ல உட்கார்ந்ததும் சரியாயிட்டா. நாப்பது டிகிரி வெயில்ல, ரோட்டு ஓரத்துல, சரியாயிட்டா! பத்தொன்பது டிகிரி ஏசியில மயக்கம், நாப்பது டிகிரி ரோட்டுல தெளிவு. அப்பத்தான் நான் முடிவு பண்ணேன், இது உடம்பு இல்லை, வேற என்னமோன்னு. அவங்க அம்மாவும் கடைசிக் காலத்துல கொஞ்சம் ஒரு மாதிரி இருந்தாங்க. எனக்கு அந்தப் பயம். நான் பயந்தது தப்பா சொல்லுங்க?

டாக்டர்கிட்ட கூட்டிக்கிட்டுப் போனேன். தைராய்டு பார்த்தாங்க, சர்க்கரை பார்த்தாங்க, எல்லாம் சரியா இருக்கு. இந்த வயசுல பொம்பளைங்களுக்குத் திடீர் திடீர்னு உடம்பு கொதிக்கும், போகப் போகச் சரியாயிடும்னாரு. போகப் போக எங்கே சரியாச்சு? கார் சாவியை எடுத்தாலே அவ முகம் மாறுது. நடந்தே வரேங்கறா. ஷேர் ஆட்டோவுல வரேங்கறா. வீட்டு வாசல்ல கார் நிக்குது, பொண்டாட்டி ஷேர் ஆட்டோவுல இடிபட்டுக்கிட்டுப் போறான்னா தெருவுல என்ன பேசுவாங்க?

அதனால மனசுக்குப் பார்க்கிற டாக்டர்கிட்ட போனோம். நல்ல டாக்டர், அமைதியான மனுஷன். அவளையே கேட்டாரு, "எங்கெங்கம்மா இப்படி இருக்கு?"

"கார்ல மட்டும்தான் டாக்டர். இறங்கினா ஒண்ணும் இல்லை."

"காருக்குள்ள எப்படி இருக்கும்?"

"சூடா இருக்கும்."

"பத்தொன்பது டிகிரி டாக்டர்"னு நான் சொன்னேன். சொல்லணுமில்ல? டாக்டருக்கு விவரம் வேணுமே. அவர் என்னைப் பார்த்தாரு, அவளைப் பார்த்தாரு. மூடின இடத்துல சில பேருக்குப் பயம் வரும், அது தனக்கே தெரியாம உடம்புல சூடா, மயக்கமா வெளிப்படும்னு விளக்கமா சொன்னாரு. மாத்திரை எழுதினாரு. வேதா அவரையே பார்த்துக்கிட்டு இருந்தா. வெளியே வந்ததும், "நீங்க ஒரு வார்த்தை அவரை அந்தக் கார்ல வந்து உட்காரச் சொல்லியிருக்கலாம்"னா. டாக்டரைப் போய் கார்ல வந்து உட்காருங்கன்னு சொல்ல முடியுமா சார்? வெளியே அவ்வளவு கூட்டம் காத்துக்கிட்டிருக்கு.

மாத்திரை நல்லா வேலை செஞ்சுது. அதைச் சொல்லத்தான் வேணும். அமைதியாயிட்டா. கார்ல ஏறுன்னா ஏறுவா, இறங்குன்னா இறங்குவா. வெக்கைன்னு ஒரு வார்த்தை கிடையாது. வேர்த்து ஊத்தும், ஆனா வாய் திறக்க மாட்டா. நான்தான் துண்டை எடுத்துக் குடுப்பேன். எனக்கு மனசுக்கு ஒரு நிம்மதி. அப்பாடா, என் வேதா பழையபடி ஆயிட்டான்னு.

ஒரே ஒரு கஷ்டம், கை நடுங்க ஆரம்பிச்சுது. உட்கார்ந்த இடத்துலயே கண்ணு சொருகும். பால் பொங்கி அடுப்பு அணைஞ்சு கிடக்கும், பக்கத்துலயே நிப்பா. அதெல்லாம் நான் பெரிசா எடுத்துக்கலை. மேலத் தெருவுல ஒரு பொண்ணுக்குக் கல்யாணம், பட்டுப் புடவையோட வர்ற ஜாக்கெட் துணியை இவகிட்ட குடுத்திருந்தாங்க. அந்தத் துணி அந்தப் புடவைக்குன்னு நெய்தது, வேற எங்கேயும் கிடைக்காது. அதைக் கத்தரியில குறுக்கே வெட்டிட்டா. முன்பக்கம் வர்ற இடத்துல, நேரா ஜரிகையோட குறுக்கே. நான் ஹால்ல பேப்பர் படிச்சுக்கிட்டிருந்தேன். சத்தமே இல்லையேன்னு எட்டிப் பார்த்தா, துணியை ரெண்டு கையிலயும் பிடிச்சுக்கிட்டு நிக்கறா. அழலை. என்னைப் பார்த்து, "வெட்டிட்டேங்க"ன்னா.

அந்தப் பொண்ணோட அம்மா வந்து வாசல்லயே நின்னுக்கிட்டு அழுதாங்க. திட்டியிருந்தா கூடப் பரவாயில்லை. "உங்க கையை நம்பித்தானேக்கா குடுத்தேன்"னு அதையே சொல்லிச் சொல்லி அழுதாங்க. வேதா அன்னைக்கே மிஷினுக்கு உறையைப் போட்டுட்டா. கத்தரியைக் கழுவித் துடைச்சு பீரோவுக்கு மேல வெச்சுட்டா. நான் சொன்னேன், "விடு, இந்த வயசுல உனக்கு எதுக்கு இந்த வேலை? நான் இருக்கேன்ல"ன்னு. ஆறுதலாத்தான் சொன்னேன்.

இது என்ன ஊரு? கணியம்பாடியா? சரி, சரி. இன்னும் நேரம் இருக்கு.

இப்ப சம்பந்தி கதைக்கு வரேன். எங்க பொண்ணு ஹேமாவை குடியாத்தத்துல குடுத்திருக்கோம். அவ மாமனார் தர்மலிங்கம். ரொம்ப மரியாதையான மனுஷன், பேச்சே அளந்துதான் பேசுவாரு. அன்னைக்கு ஆற்காட்டுல ஒரு காதுகுத்துக்கு எல்லாரும் ஒண்ணாப் போறதா ஏற்பாடு. அவர் முன்சீட்ல உட்கார்ந்தாரு, வேதா பின்னால. ரத்தினகிரிகூடத் தாண்டியிருக்க மாட்டோம். கைக்குட்டையை எடுத்து நெத்தியைத் துடைச்சாரு. சட்டை மேல்பட்டனைக் கழட்டினாரு. ஏசி வர்ற அந்த ஓட்டையில கையை வெச்சுப் பார்த்தாரு.

"என்ன சம்பந்தி, ஹீட்டர் போட்டிருக்கீங்களா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. சம்பந்தி சார்! வீட்டு மாப்பிள்ளையோட அப்பா! உடனே வண்டியை ஓரங்கட்டிட்டேன். நாலு கண்ணாடியையும் இறக்கிட்டேன். "மன்னிச்சுக்கங்க சம்பந்தி, ஏதோ கோளாறு போலருக்கு, முதல்ல இதைக் காட்டிட்டுப் போயிடலாம்"னு சொல்லி, காதுகுத்து போனாப் போகுதுன்னு வண்டியை நேரா சர்வீஸ் சென்டருக்குத் திருப்பிட்டேன். அப்படி ஒரு வேகத்துல நான் முடிவெடுத்ததே இல்லை. திருப்பும்போது கண்ணாடியில பார்த்தேன். பின்னால வேதா என்னையே பார்த்துக்கிட்டிருந்தா. கோபமா இருந்திருந்தா எனக்குப் புரிஞ்சிருக்கும். சந்தோஷமாவும் இல்லை. பஸ்ஸுல எதிர்ல உட்கார்ந்திருக்கிறவங்களைப் பார்ப்போமே, அப்படிப் பார்த்துக்கிட்டிருந்தா. ஏன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியலை. அவளுக்காகத்தானே திருப்பினேன்? சம்பந்திக்காகவும்தான். ரெண்டு பேருக்காகவும்.

அங்கே அதே பொண்ணுதான். இந்தத் தடவை நான் விடலை. "என் சம்பந்தி சொல்றாரு, நீ உள்ளே உட்கார்ந்து பாரு"ன்னு சத்தம் போட்டேன். வந்து உட்கார்ந்துச்சு. ஒரு தெர்மாமீட்டரை ஏசி ஓட்டையில வெச்சுப் பார்த்துட்டு, "ஐயையோ"ன்னுச்சு. அப்புறம் ஸ்க்ரீனைப் பார்த்துச்சு. "சார், வெளி வெப்பம் பத்தொன்பதுன்னு காட்டுது. இன்னைக்கு வெளியே நாப்பத்தொண்ணு சார். வெளியே குளிரா இருக்குன்னு நினைச்சுக்கிட்டு வண்டி கம்ப்ரஸரை நிறுத்தி நிறுத்திப் போட்டிருக்கு. சூடான காத்தையும் கலந்து விட்டிருக்கு. சென்ஸார் போயிடுச்சு. ஆனா மொத்தமாச் செத்துப் போகாம, தப்பா ஒரு நம்பரைச் சொல்லிக்கிட்டே இருந்திருக்கு. அதனாலதான் கம்ப்யூட்டர்ல தப்புன்னு வரலை."

கேட்டீங்களா சார்? தப்பான நம்பரைத் தைரியமாச் சொன்னா கம்ப்யூட்டர்கூட நம்பிடும். உள்ளே மனுஷங்க வெந்துக்கிட்டிருக்காங்க, அது பாட்டுக்கு வெளியே குளிருதுன்னு நினைச்சுக்கிட்டிருக்கு. உள்ளே ஒரு தடவை கேட்டா என்ன அதுக்கு? உட்கார்ந்திருக்கிறவங்களை ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா? என்ன வண்டி சார் இது, என்ன கம்பெனி? அன்னையிலருந்து கம்பெனிக்குப் போன் பண்ணிக்கிட்டே இருக்கேன். எனக்கு நஷ்டஈடெல்லாம் வேணாம். அவங்க ஒருத்தர் வீட்டுக்கு வந்து, என் வேதா முன்னாடி நின்னு, 'அம்மா, நாங்க உங்களை நம்பாம விட்டது தப்பு'ன்னு ஒரு வார்த்தை சொல்லணும். அவ எவ்வளவு பட்டிருக்கா! யாராவது சொல்லணுமா இல்லையா?

புது சென்ஸார் போட்டுட்டாங்க. வீட்டுக்கு வந்து, "வேதா, வா, ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம், உனக்கு ஒண்ணும் இல்லை, கோளாறு வண்டியிலதான்"னு கூப்பிட்டேன். எனக்கு அவ்வளவு சந்தோஷம். அவளுக்கு ஒண்ணும் இல்லைன்னு ஆயிடுச்சே! புடவைகூட மாத்தாம வந்து உட்கார்ந்தா. முன்சீட்ல உட்கார வெச்சேன். காட்பாடி ரோட்டுல போறோம், ஐஸ் மாதிரி காத்து. எப்படி இருக்குன்னு கேட்டேன்.

"குளுருது"ன்னா.

அந்த ஒரு வார்த்தையில எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு சார். "பார்த்தியா, எல்லாம் சரியாப் போச்சு"ன்னேன். அப்புறம், "அப்ப மாத்திரையை நிறுத்திடலாமா?"ன்னு கேட்டா.

நான் என்ன சொல்வேன்? நான் டாக்டரா? "அதெப்படி வேதா, மூணு மாசத்துக்கு எழுதியிருக்காரு. பாதியில நிறுத்தினா வேற ஏதாவது வந்துடும். அவர்கிட்ட அடுத்த தடவை போறப்ப கேட்டுக்கலாம்"னேன். சரியாத்தானே சொன்னேன்? யாரா இருந்தாலும் இதைத்தானே சொல்லுவாங்க? அவ தலையை மட்டும் ஆட்டினா. வீடு வர்ற வரைக்கும் ஏசி ஓட்டையை ஒவ்வொண்ணா வேற பக்கம் திருப்பிக்கிட்டே வந்தா. அவ மேல காத்து படாத மாதிரி.

இன்னைக்குக் காலையில பார்த்தா பையோட நிக்கறா. அமுதா வீட்டுக்குப் போறேங்கறா. சரி வா, கார்ல கொண்டு போய் விடறேன், இப்பத்தான் ஜில்லுனு இருக்கேன்னேன். "பஸ்ஸுல போறேங்க"ன்னா. எப்ப வருவேன்னா, பார்க்கலாம். போற அவசரத்துல மாத்திரையை மேசை மேலயே விட்டுட்டுப் போயிட்டா. எனக்கு எப்படி இருக்கும்? அள்ளிப் போட்டுக்கிட்டு ஆட்டோ பிடிச்சுப் பின்னாலயே வந்துட்டேன். ஆரணியில இறங்கினதும் குடுத்துடலாம்னு. அவ முன்னாடி போய் நிக்க ஒரு மாதிரி இருந்துது, அதான் பின்னால ஏறிட்டேன்.

பாருங்க, தூங்கறா. வாயைக் கொஞ்சமாத் திறந்துக்கிட்டு. இந்த வெக்கையில, இந்தக் கூட்டத்துல எப்படித் தூங்கறா பாருங்க. கார்ல ஒரு நாளும் அவ இப்படித் தூங்கினதில்லை.

மத்தியான மாத்திரை நேரம் ஆகுது சார். ஆரணி போய்க் குடுத்தா லேட்டாயிடும். இப்படியே முன்னாடி அனுப்பிடட்டுமா? அம்மா, இந்தாங்கம்மா, இதை அப்படியே முன்னாடி குடுத்து விடுங்க. அந்த மஞ்சள் புடவை அம்மாவுக்கு. வீட்டுக்காரர் குடுத்தாருன்னு சொல்லுங்க. ஆமாமா, நான்தான் வீட்டுக்காரர். நன்றிம்மா.

போகுது, போகுது. அந்தத் தம்பி வாங்கிட்டாரு... அந்த அம்மா எழுப்பறாங்க. முழிச்சுட்டா. வாங்கிட்டா. என்னன்னு பார்க்கறா. இப்பத் திரும்பிப் பார்ப்பா பாருங்க.

பார்க்கலை. மடியில வெச்சுக்கிட்டா.

கண்டக்டரைக் கூப்பிடறா. தண்ணி கேட்கறாளா? இல்லை, டிக்கெட் எடுக்கறா போலருக்கு. அவளுக்கு முன்னாடியே எடுத்திருப்பாளே... ஓ, எனக்கு எடுக்கறா! பார்த்தீங்களா சார்? எனக்கும் சேர்த்து எடுக்கறா. நான் இன்னும் டிக்கெட் எடுக்கலைன்னு அவளுக்குத் தெரிஞ்சிருக்கு பாருங்க. அதான் சார் வேதா. என்ன கோபம் இருந்தாலும்...

வருது, வருது, டிக்கெட்டு கை மாறி வருது. குடுங்கம்மா, ரொம்ப நன்றி. என்னம்மா? யாரு சொன்னா? அவங்களா சொல்லச் சொன்னாங்க? அங்கேயே திரும்ப வேலூர் வண்டி நிக்குமா? எங்கே நிக்கும்?

சார், கண்ணாடி எடுத்துக்கிட்டு வரலை. இதுல என்ன ஊரு போட்டிருக்குன்னு கொஞ்சம் படிங்க.

கண்ணமங்கலமா? நல்லாப் பார்த்துச் சொல்லுங்க சார். ஆரணி இல்லையா? கண்டக்டர் தப்பா அடிச்சிருப்பாரு. கண்டக்டர்! ஏம்ப்பா, இது ஆரணிதானே? அந்தம்மா கேட்டதே கண்ணமங்கலம்தானா. அவங்களுக்கு ஆரணி, எனக்குக் கண்ணமங்கலம்.

சரி. சரிப்பா. நீ போ.

வெயில்ல அவ்வளவு தூரம் நான் அலையக் கூடாதுன்னு நினைச்சிருப்பா. எனக்கு பி.பி. இருக்கு சார். அதுவாத்தான் இருக்கும். வேற டிக்கெட் எடுக்கலாம், எடுக்க முடியாதுன்னு இல்லை. எடுத்துக்கிட்டு ஆரணிக்குப் போய் இறங்கி... இறங்கி அவகிட்ட என்ன சொல்றதுன்னுதான் தெரியலை. வண்டி சரியாயிடுச்சுன்னு ஏற்கெனவே சொல்லிட்டேனே. வேற என்ன சார் சொல்லணும்? நான் விட்டது ஏதாவது இருக்கா? இவ்வளவு நேரம் கேட்டீங்களே, ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறீங்க.

இதோ வந்துடுச்சு. கண்ணமங்கலம்தானே இது? கொஞ்சம் காலை ஒதுக்குங்க, அந்தப் பக்கம் போயிடறேன்.

இல்லை சார், இறங்கிடறேன். டிக்கெட்டுல அப்படித்தானே போட்டிருக்கு.